மீன்தொட்டிக்காரனின் கைராசி

திருப்பதியில் பதினேழு லாட்ஜுகளின் மீன்தொட்டிகளை என் பள்ளித்தோழன் திருவேங்கடம்தான் பார்த்துக்கொள்கிறான். நகரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். கரும்பு கைவிட்டதும் மீனுக்கு வந்தவன். கடையில்லை, பெயர்ப்பலகையில்லை. ஒரு மொபெட், இரண்டு பக்கெட், ஒரு ரப்பர் குழாய், கைராசி. ஏதாவது ஒரு தொட்டியில் மீன் செத்து மிதந்தால் போதும், 'அவன் கை ஆகாது' என்று பதினேழு இடத்திலும் பேச்சு பரவிவிடும்.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த நான், அவன் சொன்ன லாட்ஜில்தான் தங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை காபிக்கு இறங்கினால், வரவேற்பறைத் தொட்டியின் மேல் வெள்ளையாக நுரை. ஆறு தங்கமீன்களும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. போனில் தேடினேன். நுரைக்கு ஒன்பது காரணங்கள் கிடைத்தன. ஒன்பதும் பயமாக இருந்தன. அவனைக் கூப்பிட்டேன்.

லாட்ஜ் முதலாளி கிருஷ்ணப்பா பலமனேர்க்காரர். திருவேங்கடம் வண்டியை நிறுத்துவதற்குள் ஆரம்பித்துவிட்டார். "ஏமய்யா, முந்தாநாள்தானே கழுவினே? மீன் போச்சுன்னா அப்புறம் இந்த வீதியிலயே உன்னை யாரும் கூப்பிட மாட்டாங்க."

"இரு சாமி, பாக்கறேன்."

"அம்மோனியாவா இருக்குமோ?" என்றேன்.

"நீ காபி குடிடா."

நுரையை விரலில் எடுத்துத் தேய்த்தான். "சோப்பு நுரைன்னா வழவழன்னு இருக்கும். தொட்டா ஒடஞ்சிரும். இது பிசுபிசுன்னு ஒட்டிக்கினு கீது. யாரோ துன்றதுக்கு இன்னாவோ போட்டுக்கீறாங்க." மோந்து பார்த்தவன் முகம் மாறியது. விரலை என் மூக்கருகே நீட்டினான். நெய், ஏலக்காய், பச்சைக் கற்பூரம். இந்த ஊரில் அதற்குப் பரிசோதனைக்கூடம் தேவையில்லை.

"சாமி, லட்டு யாரு போட்டது?"

கிருஷ்ணப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நான்தான். நேத்து சனிக்கிழமை. வாயில்லாத ஜீவனுக்கும் பிரசாதம் போகணும். ஒண்ணே ஒண்ணுதான், முழுசா. ஏன், பிரசாதத்துல தப்பு சொல்றியா?"

"ஐயோ, அபசாரம். பிரசாதத்து மேல தப்பில்ல சாமி. நெய்யி தண்ணி மேல ஆடை கட்டிக்கினு மீனுக்குக் காத்து வுடமாட்டுது. பம்பு கடையக் கடைய நுரையாவுது. தப்பு நெய்யிதுதான்."

நெய்யைக் குற்றம் சொல்வதில் கிருஷ்ணப்பாவுக்கு மறுப்பில்லை.

தெலுங்கு நாளிதழின் மனை விளம்பரப் பக்கத்தைத் தண்ணீர்மேல் விரித்து, மெல்லத் தூக்கினான். ஆடையும் நுரையும் தாளோடு வந்தன. நான்கு தாளில் மேற்பரப்பு தெளிந்தது. அடியில் ஊறிக்கிடந்த லட்டைக் குழாயால் உறிஞ்சி இரண்டு பக்கெட்டையும் நிரப்பிக்கொண்டு சாக்கடைப் பக்கம் திரும்பினான்.

"ஆகு, நில்லு!" என்றார் கிருஷ்ணப்பா. "பிரசாதத் தண்ணி. கால் படற இடத்துல ஊத்தாதே. மரத்தடிக்குக் கொண்டு போ."

லாட்ஜைச் சுற்றி எல்லாம் சிமென்ட். கிட்டத்து மரம் இரண்டு தெரு தள்ளி, ஒரு பள்ளிக்கூட வேம்பு. பக்கெட் காலியாகாமல் மிச்ச லட்டை எடுக்க முடியாது. மீன்களோ இன்னும் மூச்சுக்கு ஏங்கிக்கொண்டிருந்தன. மொபெட்டின் பின்னால் உட்கார்ந்து, இரண்டு பக்கெட்டையும் அணைத்துக்கொண்டு நானும் ஐந்து நடை போனேன்.

"சீக்கிரம் போடா."

"தண்ணி சிந்திச்சின்னா ரோட்டையும் கழுவச் சொல்லுவாரு. கெட்டியாப் புடி."

குளோரின் போக மருந்து கலந்த புதுத் தண்ணீர் நிரம்பும்போது மணி பதினொன்று. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஆறும் இறங்கிய பிறகுதான் திருவேங்கடம் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

கிருஷ்ணப்பா உடனே எதிர் லாட்ஜுக்குப் போன் போட்டார். "நம்ம திருவேங்கடம் கை வெச்சா மீனு சாகாது!" போனை வைத்ததும் மேஜை இழுப்பறையிலிருந்து கவரோடு இன்னொரு லட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். "உனக்குத்தான். துன்னு. மிச்சம் இருந்தா..." அவர் பார்வை தொட்டிப் பக்கம் போனது.

திருவேங்கடம் நின்ற இடத்திலேயே முழு லட்டையும் தின்றான். கவரை உதறி, உதிர்ந்ததையும் வாயில் போட்டுக்கொண்டு, தண்ணீர் கேட்டான்.