ஈயம் வைத்த பதினேழு விளக்குகள்

பால்மாவு டின்னின் அடியில் போட்ட துளையை லூதிவீனா உருட்டு அரத்தால் தேய்த்துக்கொண்டிருந்தாள். டின் அவள் முழங்கால்களுக்கு நடுவே இறுகியிருந்தது. நாலு தேய்ப்புக்கு ஒருமுறை சுண்டுவிரலைத் துளைக்குள் விட்டுச் சுற்றிப் பார்ப்பாள். விரலைக் கீறாத ஓரம் வயரையும் கீறாது. துளை வழவழப்பானதும் ஒரு ரப்பர் வளையத்தை அதில் திணித்து, டின்னை மேசையின் எதிர்ப்பக்கம் தள்ளினாள். அங்கே அவள் புருஷன் ஃபெர்மின் உட்கார்ந்து வயர் நுனிகளுக்கு ஈயம் வைத்துக்கொண்டிருந்தான். டின் வேலை அவளுடையது. வயர் வேலை அவனுடையது.

பிலிப்பைன்ஸின் பெங்கெட் மலையில் ஜனவரி மாதம் மனிதர்களுக்கே பொறுக்காது. ஆமைக்கும் ஓணானுக்கும் கேட்கவே வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்பு மாடியறையில் குடியிருந்த ஒரு மாணவி, படிப்பு முடிந்து கீழ்நாட்டுக்குப் போனபோது ஒரு ஆமையைச் சலவைத் தொட்டியில் விட்டுவிட்டுப் போனாள். குளிர் ஏற ஏற ஆமை தின்பதை நிறுத்தியது. பாகியோ நகரக் கடைத்தெருவில் ஆமைக்கென்று விற்கும் விளக்கின் விலையைக் கேட்ட ஃபெர்மின், இது ஆமைக்கா பிஷப்புக்கா என்று கடைக்காரனிடம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான். மறுநாள் அவனே ஒன்று செய்தான். சூட்டில் இளகாத பீங்கான் ஹோல்டர், அதைச் சுற்றி ஒரு பால்மாவு டின். யாராவது இழுத்தாலும் இழுப்பு வயரைப் பிடித்திருக்கும் திருகுவரை போகாதபடி டின்னுக்குள் வயரில் ஒரு முடிச்சு. ஆமை பல்பைத் தொடாதபடி கம்பிவலை. விளக்கு வயரில் தொங்காமல் தனிச் சங்கிலியில் தொங்க வேண்டும். டின்னின் மேல் 'முதலில் பிளக்கைப் பிடுங்கு' என்று சிவப்புப் பெயின்ட்டில் எழுதினான். சுரங்கத்தில் இருபத்தாறு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன் அப்படித்தான் செய்வான்.

ஆமை தின்றது. சேதி பரவியது. இந்த மலையில் ஓணானும் பல்லியும் முள்ளெலியும் வளர்ப்பவர்கள் இத்தனை பேரா என்று லூதிவீனாவுக்கு ஆச்சரியம்.

போன வருஷம் பக்கவாதம் வந்து ஃபெர்மினின் இடது கையை வாரிக்கொண்டது. அவன் இடக்கைக்காரன். லூதிவீனா பதினாலு வருஷம் தைவானில் வயசானவர்களைப் பார்த்துக்கொண்ட பெண். போவதற்கு முன் ஆறு மாதம் முறையாகப் படித்தவள், அந்தச் சான்றிதழ் இன்னும் சிலுவைக்குப் பக்கத்தில் தொங்குகிறது. அழுதுகொண்டு உட்காரவில்லை. பீன்ஸை ஒவ்வொன்றாகப் பொறுக்க வைத்தாள், ஈரத்துண்டைப் பிழிய வைத்தாள். அவனால் முடிந்த எதையும் அவனுக்காக அவள் செய்யவில்லை, சட்டைப் பொத்தான் போட அரை மணி ஆனாலும் சரி. கை பாதி திரும்பியது. ஆனால் வயரின் மெல்லிய இழைகளை முறுக்கும் விரல்கள் திரும்பவில்லை. இழைகள் துடைப்பம்போல விரிந்துகொண்டே போயின. ஒருநாள் அவன் எல்லாவற்றையும் மேசையிலிருந்து தள்ளிவிட்டான்.

லூதிவீனா கடைக்குப் போய் ஈயம் பற்றவைக்கும் கருவி ஒன்று வாங்கிவந்தாள். கை கருவிக்கு வளையாவிட்டால் கருவியைக் கைக்கு வளை என்பது அவள் படித்த பாடம். வயரைக் கிடுக்கியில் மாட்டி, வலக்கையால் நுனியில் ஈயம் தொட்டால், இழைகள் எல்லாம் சேர்ந்து ஆணிபோல நிற்கும். திருகுக்கு அடியில் செருகி முடுக்க வேண்டியதுதான். அவன் முதல் விளக்கை முடித்த அன்று அவள் கோழி அடித்துச் சமைத்தாள். அதையும் சேர்த்து இதுவரை பதினேழு விளக்குகள் முடிந்திருந்தன. அந்த வேலைதான் ஃபெர்மினைக் காலையில் எழுப்பியது.

அந்தச் சனிக்கிழமை மதியம் டாக்சி ஓட்டும் அபெலார்தோ ஒரு டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். தாடி ஓணான் ஒன்று வளர்க்கிறவன். விளக்கைப் புதுசாக வாங்கிப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது.

"மானோங், உங்க விளக்கு கண்ணடிக்குது," என்றான். மலையில் தன்னைவிட மூத்தவனை அப்படித்தான் அழைப்பார்கள், மூத்தவளை மானாங் என்று. "ஓணானைப் பார்த்தா, என் பொண்டாட்டியைப் பார்த்தான்னுதான் புரியல."

"வயரைப் பிடிச்சு இழுத்திருப்பே. டாக்சிக் கதவுன்னு நெனச்சியா?"

"இழுக்கவே இல்ல மானோங். மூணு நாளா ஒரு கருவாட்டு வாசனை வேற. எவன் வீட்டுல இப்படிக் கருக விடுறான்னு மாமியார் அக்கம்பக்கமெல்லாம் போய்ச் சண்டை போட்டுட்டு வந்துட்டா. கடைசியில பார்த்தா வாசனை நம்ம ஓணான் பெட்டியிலேர்ந்து வருது."

ஃபெர்மின் சிரித்தான். ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டவன் மாமியாரையும் சேர்த்துச் சுமக்கத்தான் வேண்டும் என்றான். லூதிவீனா சிரிக்கவில்லை. அவள் கையில் அரம் நின்றுவிட்டது.

காலை ஏழு மணிக்கு எந்த வீட்டில் கருவாடு பொரியவில்லை? ஒட்டிக்கொண்டு நிற்கும் மரவீடுகள், ஒரு வீட்டு அடுப்பு வாசனை நாலு வீட்டுக்குப் போகும். அந்த வாரத்தில் இரண்டு தடவை அவளுக்கும் அந்த வாசனை வந்தது. பக்கத்து வீட்டுக்காரியைத்தான் நினைத்துக்கொண்டாள். இரண்டு தடவையும் அது சாயங்காலம் என்பது இப்போதுதான் உறைத்தது. சாயங்காலத்தில் யாரும் கருவாடு பொரிப்பதில்லை.

அபெலார்தோவை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அங்கே இருந்த ஆமைக்கு இப்போது இரண்டு விளக்குகள். முதன்முதலில் செய்தது ஒன்று, பக்கவாதத்துக்குப் பிறகு செய்தது ஒன்று. இரண்டையும் பிளக்கிலிருந்து பிடுங்கி, சூடு ஆறவிட்டு, மேசைக்குக் கொண்டுவந்து ஃபெர்மினின் முன்னாலேயே திறந்தாள். பழையதில் செம்பு இழைகள் திருகுக்கு அடியில் நேற்று முடுக்கியதுபோலக் கடித்துக்கொண்டிருந்தன. புதியதில் திருகை அவள் நகத்தாலேயே சுற்ற முடிந்தது. பக்கத்தில் வயரின் தோல் பழுப்பேறி வெடித்திருந்தது. அபெலார்தோவின் விளக்கில் அது கறுப்பாகவே ஆகியிருந்தது.

"நான் முடுக்கினேன்," என்றான் ஃபெர்மின். "வலக்கையால, ஸ்க்ரூடிரைவர் வழுக்குற அளவுக்கு முடுக்கினேன்."

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். அப்படியானால் முடுக்கியது பின்னால் தளர்ந்திருக்கிறது. பழையதற்கும் புதியதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்தான், அது அவள் வாங்கிவந்த கருவியால் வந்தது. அவள் ஈயத்தைத் தொட்டுக் காட்டினாள். 

அபெலார்தோ வெளியே போய் டாக்சியைத் துடைக்க ஆரம்பித்தான். புத்திசாலி.

"எனக்குத் தெரியும்," என்றான் ஃபெர்மின். "சுரங்கத்துல முதல் வாரமே சொல்லிக்கொடுப்பாங்க. திருகுக்கு அடியில ஈயம் வைக்காதேன்னு. ஈயம் மெத்துனு இருக்கும். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, நசுங்கி இடம் விட்டுடும். அப்புறம் அந்த இடைவெளியில பொறி பறக்கும். அதெல்லாம் பெரிய மோட்டாருக்கு, ஒத்தப் பல்புக்கு என்னன்னு நெனச்சேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கோழி அடிச்சுட்டே."

லூதிவீனா மாத்திரைச் சீட்டை மூன்று தடவை படிக்காமல் யாருக்கும் எதையும் கொடுத்தவள் இல்லை. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் கைதட்டினாளே தவிர, இது சரிதானா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. நோயாளியின் சின்ன முன்னேற்றத்தையும் பாராட்டு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். பாராட்டினால் ஒரு மனுஷன் வாயடைத்துப்போவான் என்று யாரும் சொல்லவில்லை.

பதினேழில் இரண்டு அவர்கள் மேசைமேல் இருந்தன. மீதி பதினைந்தும் யார் யார் வீட்டிலோ, மரப்பெட்டிகளுக்குள், திரைச்சீலைகளுக்குப் பக்கத்தில் அந்த நேரத்திலும் எரிந்துகொண்டிருந்தன. வருஷத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சரிவுகளில் ஏதாவது ஒரு தெரு தீப்பிடிக்கிறது.

எல்லோரிடமும் நீயே பேசிவிடு, நீ பேசினால் திட்டமாட்டார்கள் என்றான் ஃபெர்மின். அவள் மாட்டேன் என்றாள். தைவானில் ஒருமுறை ஒரு கிழவருக்கு ராத்திரி மாத்திரையைக் காலையில் கொடுத்துவிட்டாள். தண்ணீர் குடித்த தம்ளரைக் கழுவுவதற்கு முன்பே அவர் மகளிடம் போய்ச் சொன்னாள். வாங்கிக் கட்டிக்கொண்டாள். அதே வீட்டில் இன்னும் ஆறு வருஷம் இருந்தாள்.

"தப்பாக் கொடுத்தவதான் போய்ச் சொல்லணும், கிழவா. கருவி வாங்கினது நான், அதை நான் சொல்லிக்கிறேன். வயர் போட்டது நீ."

"சொன்னா அப்புறம் எவனும் வாங்கமாட்டான். கை விளங்காதவன் செஞ்ச விளக்குன்னு பேராயிடும்."

"ஆகலாம்."

"உனக்கென்ன, கிழவி. டின்னு போனா தையல் இருக்கு. எனக்கு இது போனா பீன்ஸ் பொறுக்கணும்."

 ஆறுதல் சொல்வது அவளுக்கு எளிது, வருஷக்கணக்காக அதற்குத்தான் சம்பளம் வாங்கினாள். ஆனால் அவன் சொன்னது நடக்கக்கூடியதுதான். நடக்கக்கூடியதை நடக்காது என்று சொல்வது அவளுக்குப் பழக்கமில்லை. எழுந்து போய் அவனுடைய மூக்குக்கண்ணாடியையும் போனையும் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்துவிட்டு, ஆமைக்குக் கீரை நறுக்கப் போனாள்.

ஃபெர்மின் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். விளக்கு வாங்கிய எல்லோருக்கும் வலது கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். 'சில விளக்குகளில் திருகு தளர்ந்திருக்கலாம்' என்று போடலாமே என்று அவள் எட்டிப் பார்த்துச் சொன்னதை அவன் ஏற்கவில்லை. 'நான் தப்பாக வயர் போட்டுவிட்டேன். பிளக்கை இப்போதே பிடுங்குங்கள். நாளை நானே வந்து சரிசெய்கிறேன்' என்று போட்டான். கருவாட்டு வாசனை வந்தால் அடுப்பைப் பார்க்காதீர்கள், விளக்கைப் பாருங்கள் என்று அடுத்த வரி. கடைசி வரி மட்டும் லூதிவீனா சொன்னது: இன்று ராத்திரிக்கு ஒரு புட்டியில் வெந்நீர் நிரப்பி, துண்டில் சுற்றிப் பிராணிக்குப் பக்கத்தில் வையுங்கள், நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

பதில்கள் வரத் தொடங்கின. விளக்கு வாங்கியவர்களில் ஒரு பல் டாக்டர், வெந்நீர் எத்தனை சூடு என்று கேட்டார். ஒருத்தி நன்றி என்று போட்டாள். ஒருவன், கை சரியில்லாதவர் இந்த வேலையை ஏன் எடுத்தீர்கள் என்று எழுதியிருந்தான். ஃபெர்மின் அதை இரண்டு தடவை படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தான்.

"இவன் வீட்டுக்கும் போகணும்," என்றான்.

"போவோம்."

இருட்டுவதற்கு முன் அவன் கட்டிலுக்கடியிலிருந்து சுரங்கத்துப் பெட்டியை இழுக்கச் சொன்னான். உள்ளே ஒரு முழ நீளக் கைப்பிடிகளோடு குறடு ஒன்றும், ஒரு டப்பா நிறைய லக்குகளும் இருந்தன. லக் என்பது ஒரு முனையில் வளையமும் மறுமுனையில் குழலும் உள்ள செம்புத் துண்டு. இழைகளை முறுக்காமலே குழலுக்குள் திணித்துக் குறட்டால் நசுக்கிவிட்டால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், வளையத்தைத் திருகில் மாட்டிவிடலாம். பெரிய கேபிளுக்கான பெட்டி என்பதால் இத்தனை நாள் நினைவே வரவில்லை என்றான். குறட்டின் ஒரு கைப்பிடியை மேசைமேல் அமுக்கி, மறு கைப்பிடியில் நெஞ்சைக் கொடுத்துச் சாய்ந்தான். அதற்கு விரல்கள் வேண்டியதில்லை.

"இழு," என்றான்.

லூதிவீனா வயரைப் பிடித்து இழுத்தாள். சட்டென்று கையோடு வந்துவிட்டது. அவன் வேறொரு லக் எடுத்தான், கொஞ்சம் சிறியது. இழைகள் விரிந்ததால் அவள் குழலைப் பிடித்துக்கொண்டாள், அவன் திணித்தான். மறுபடி சாய்ந்தான். இந்தத் தடவை அவள் மேசைக்காலில் பாதத்தை ஊன்றி இழுத்தும் வரவில்லை. இனி எந்த விளக்கும் அவள் இழுத்துப் பார்க்காமல் வாசலைத் தாண்டக்கூடாது என்று அவன்தான் சொன்னான். அபெலார்தோவின் விளக்கையும் ஆமையின் விளக்கையும் அன்றைக்கே அப்படி முடித்தார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அபெலார்தோ டாக்சியோடு வந்து நின்றான். யாரும் அவனைக் கேட்கவில்லை.

"பூசைக்குப் போகலையா மானாங்?"

"சேதிக்குப் பதிலே போடாதவங்கள்ல பாதிரியாரும் ஒருத்தர். அங்கேயே போ," என்றாள் லூதிவீனா.

பாதிரியார் அங்கியை மாட்டிக்கொண்டிருந்தவர், சேதியைப் பார்க்கவே இல்லை என்றார். அவருடைய பல்லிப் பெட்டி புத்தக அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஃபெர்மின் வாசலிலேயே நின்று, இதை நான் தப்பாகச் செய்துவிட்டேன் பாதர் என்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனான். பிளக்கைப் பிடுங்கினான். விளக்கு ஆறும்வரை அவனும் லூதிவீனாவும் காப்பி குடித்தார்கள். திறந்தபோது ஒரு திருகைச் சுற்றிப் பழுப்பு. ஈயம் வைத்த நுனிகளை வெட்டி எறிந்தான், தோலைச் சீவினான். லூதிவீனா லக்கைப் பிடித்தாள். அவன் குறட்டைப் பாதிரியாரின் மேசையில் வைத்துச் சாய்ந்தான். அவள் இழுத்தாள்.

"இன்னும் பலமா," என்றான்.

அவள் சுவரில் காலை ஊன்றி இன்னும் பலமாக இழுத்தாள். இரண்டாவது வயரும் அப்படியே. திருகுகளை முடுக்கி, மூடி, சங்கிலியில் மாட்டிப் பிளக்கைச் செருகினான். மாதாகோயில் மணி அடித்து ஓயும்வரை இருவரும் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மூக்கை நீட்டி மோந்து பார்த்தார்கள். பல்லி வெளிச்சத்துக்கு வந்து படுத்துக்கொண்டது. பிறகு, கை சரியில்லாதவர் என்று எழுதியவனின் தெரு எது என்று ஃபெர்மின் போனைத் திறந்து பார்த்தான், லூதிவீனா குறட்டைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்சிக்கு நடந்தாள்.