குத்தூசியும் சிந்திய அரிசியும்

கால் எலும்பு முறிந்து இரண்டு மாதம் வீட்டில் கிடந்தபோதுதான் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தேன். கொச்சி மட்டாஞ்சேரியில் உள்ள ஒரு சிறிய அருங்காட்சியகம் ஞாயிறு மாலைகளில் இணையத்தில் நடத்தும் கூட்டம் அது. தங்களிடமுள்ள ஒரு பொருளைத் திரையில் காட்டுவார்கள். வந்திருப்பவர்கள் அதைப் பற்றித் தெரிந்ததைப் பேசுவார்கள். மகள் என் போனில் அதைத் திறந்து கொடுத்து, "சும்மா கேட்டுட்டுக் கிட அம்மே, நேரம் போகும்" என்றாள்.

மூன்று வாரம் கேமராவை மூடி வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் கேட்டேன். பேசியவர்கள் எல்லாம் படித்தவர்கள், பாதிப் பேர் வெளிநாட்டில். நானோ மாநகராட்சியில் தெருப் பெருக்குகிறவள். என் மலையாளத்தில் தமிழ் வாடை அடிக்கும்.

நான்காம் வாரம் ஒரு இரும்புக் குழலைக் காட்டினார்கள். முனை கூர்மை, நடுவில் பள்ளம்.

"பழைய பண்டகசாலை ஒன்றில் கிடைத்தது. எதற்கென்று தெரியவில்லை" என்றார் கூட்டத்தை நடத்திய பெண்.

ஆயுதம் என்றார் ஒருவர். மாட்டுக்கு மருந்து புகட்டுவது என்றார் இன்னொருவர். எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கைத் திறந்துவிட்டேன்.

"அது குத்தூசியாக்கும். சாக்குல குத்தி, அரிசி எப்படி இருக்குன்னு எடுத்துப் பார்க்கறது."

"சேச்சிக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார் கூட்டத்தை நடத்திய பெண்.

சொன்னேன். அம்மா மட்டாஞ்சேரிக்குப் பக்கத்துக் கொச்சங்காடியில் ஒரு அரிசிப் பண்டகசாலையில் கூட்டிப் பெருக்கினாள். குத்திய ஓட்டையில் சிந்தும் அரிசியை முந்தானையில் முடிந்து கொண்டுவருவாள். மண்ணும் கல்லும் பொறுக்கிவிட்டுப் பொங்குவோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளுக்கே அதுவரை இதைச் சொன்னதில்லை.

பிறகு, வெளிநாட்டிலிருந்து கூட்டத்தில் சேரும் ஒரு வயதான அம்மாள் பேசினார்.

"கொச்சங்காடியில் எங்களுக்கும் பண்டகசாலை இருந்தது. சாயங்காலம் வாசலில் நின்று, கூட்டிப் பெருக்கும் பெண்களின் முந்தானையை அவிழ்த்துக் காட்டச் சொல்வேன். அப்பா சொல்லியிருந்தார். எனக்குப் பத்து வயது. அரிசியைக் கீழே கொட்டிவிட்டுப் போவார்கள். அதில் உங்கள் அம்மாவும் இருந்திருக்கலாம்."

அம்மா வெறும் முந்தானையோடு வந்த நாட்கள் உண்டு. வந்ததும் அடுப்படிக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள்.

"கொட்டின அரிசிய என்ன செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"கோழிக்குப் போட்டோம்."

திட்டியிருக்கலாம். ஆனால் அந்த அம்மாள் கேமராவை மூடாமல், முகத்தைத் துடைக்காமல் அழுதுகொண்டிருந்தார். இத்தனை பேருக்கு நடுவில் இதைச் சொல்ல வேண்டுமென்று அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

"பத்து வயசுல என்ன தெரியும், விடுங்க" என்றேன். முழு மனசோடு சொன்னேன் என்று சொல்ல மாட்டேன்.

கால் கட்டைப் பிரித்த பிறகு மகளோடு அருங்காட்சியகத்துக்குப் போனேன். குத்தூசிக்குக் கீழே புதிய அட்டை வைத்திருந்தார்கள். எனக்கு மலையாளம் படிக்க வராது, மகள் வாசித்தாள். சிந்திய அரிசியைப் பெருக்கி எடுத்துப் போய்ப் பிள்ளைகளை வளர்த்த பெண்களைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது. எழுதச் சொன்னது அந்த அம்மாள்தானாம்.

"எங்கிட்ட ஏன் அம்மே சொல்லல?" என்றாள் மகள்.

"நீ தட்டுல சோத்த மிச்சம் வைக்கறப்பல்லாம் சொல்ல வாயெடுப்பேன். அப்புறம் பாவம், சாப்பிடட்டும்னு விட்டுடுவேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.