கிராஸ், நெட், டேர்

காலை எட்டு பத்துக்குத் திருவொற்றியூர் சாலையில், முந்தின நாள் மாலை பார்த்த அதே நீலக் கண்டெய்னர் அதே இடத்தில் நிற்க, அதன் மட்கார்டில் கண்ணாடியைச் சாய்த்துவைத்து டிரைவர் முகம் மழித்துக்கொண்டிருந்தார். துறைமுகத்துக்குள் போகக் காத்திருந்த அந்த வண்டி வரிசையை ஒட்டித்தான் நானும் ஷமீமும் பத்தாம் வகுப்பு முழுக்கப் பள்ளிக்கு நடந்தோம்.

அந்த ஆண்டு ஆங்கில ஆசிரியை மாற்றலாகிப் போய், பதிலுக்கு யாரும் வராததால், "நீங்களாவே படிச்சிக்கணும்" என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார். கைடை உருப்போடச் சொல்கிறார் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஷமீம் மட்டும் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொண்டு, கண்டெய்னர் கதவுகளில் இருந்த சொற்களை நோட்டில் எழுத ஆரம்பித்தாள். அவளுக்கு அவசரம் இருந்தது. அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் தேறாவிட்டால் படிப்பை நிறுத்தித் தையல் கம்பெனிக்கு அனுப்பிவிடுவதாக அவள் அத்தா சொல்லியிருந்தார். அங்கே இடமும் சொல்லிவைத்தாயிற்று.

பொருள் தெரியாத சொல்லுக்கு அவள் டிரைவர்களைக் கேட்டாள். முகமெல்லாம் நுரையாக இருந்த அந்த நீலக் கண்டெய்னர்காரர்தான், "காலிப் பொட்டி வெயிட்டு 'டேரு'. உள்ள கீற சரக்கு 'நெட்டு'. ரெண்டும் சேந்தா 'கிராஸு'. இதுகூட சொல்லித் தராம இன்னாத்துக்குமா இஸ்கூலு?" என்றார்.

"பரீட்சைல இதெல்லாம் வராதுடி" என்றேன்.

"கைடுல கீறத மட்டும் யாரு பேசிக்கினு கீறாங்க?" என்றாள்.

அரையாண்டுத் தேர்வில் குடும்பத்தினர் ஒருவரைப் பற்றிச் சில வரிகள் எழுதச் சொல்லியிருந்தார்கள். மற்ற எல்லோரும் கைடில் இருந்த அம்மாவை எழுதினோம். ஷமீம் ஏழு மாதக் கர்ப்பத்தோடு வீட்டுக்கு வந்திருந்த அக்காவை எழுதினாள். திருத்திய தாள்கள் வந்த அன்று தலைமை ஆசிரியை அவளை அறைக்குக் கூப்பிட, துணைக்கு நானும் போனேன். அவர் தாளை உயர்த்திப் பிடித்து நிதானமாக வாசித்தார்: "மை சிஸ்டர் இஸ் நவ் கிராஸ். ஆஃப்டர் டூ மன்த்ஸ் ஷீ வில் பி டேர். நெட் இஸ் நாட் நோன்."

பிறகு, "யாருடி இதைச் சொல்லிக் குடுத்தது?" என்றார்.

"யாரும் இல்ல மிஸ். ரோட்ல நிக்கிற வண்டி."

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்; தோள்கள் குலுங்கின. திருத்தியவர் வேறு பள்ளி ஆசிரியர். ஒரு மாடுகூட இல்லாத எங்கள் தெருக்களில், விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து பால் கறக்கும் ஒரே அம்மாவை நாற்பது தாள்களில் பார்த்து ஓய்ந்துபோயிருந்தவர், ஷமீமின் தாள் ஓரத்தில் "சொந்த வாக்கியம்" என்று எழுதி ஐந்துக்கு நான்கு போட்டிருந்தார். மொத்தம் கூட்டினால் சரியாக முப்பத்தைந்து.

அத்தா மதிப்பெண் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணு கொறஞ்சிருந்தா கம்பெனிதான். சரி, போய்க்கினு இரு" என்றார். கிராஸ் என்றால் என்ன என்பதை மட்டும் அக்காவிடம் நாங்கள் சொல்லவில்லை.

பள்ளி வாசலில் இப்போது வண்டிகள் நிற்பதில்லை. நெடுகத் தடுப்புக் கம்பி போட்டுவிட்டார்கள். ஷமீம் பட்டப்படிப்பு முடித்து மீஞ்சூரில் இருக்கிறாள். தையல் கம்பெனியில் அவளுக்கென்று சொல்லிவைத்திருந்த இடத்துக்கு, ஆங்கிலத்தில் முப்பத்திரண்டு எடுத்த எங்கள் வகுப்பு கோமதி அந்த ஜனவரியில் போனாள். இன்னும் அங்கேதான் இருக்கிறாள்.