ஒருத்தியிடம் மட்டும்

அறை வாசலில் நின்று அக்கா எங்கள் கைப்பைகளை வாங்கி வைத்துக்கொண்ட முதல் நாள் காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. பேனா, துண்டுக் காகிதம் எதுவும் உள்ளே போகக்கூடாது என்றார். தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையின் மாடியில் பன்னிரண்டு பெண்கள் கம்ப்யூட்டரில் விவரங்களை ஏற்றிக்கொண்டிருந்தோம். ஐரோப்பாவிலிருந்து காப்பீட்டுப் படிவங்கள் பெட்டி பெட்டியாக வரும். யாருக்கு என்ன நோய், எத்தனை நாள் படுக்கை என்று கையால் எழுதியிருப்பார்கள். அதைத் தட்டச்சு செய்து அனுப்புவது எங்கள் வேலை. அக்கா எங்கள் சூப்பர்வைசர். நசரத்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். புருஷன் இல்லை, பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி.

அந்த நாடுகளில் புதிதாகச் சட்டம் வந்திருக்கிறது, ஒருவருடைய விவரம் அவர் சம்மதமில்லாமல் வெளியே போனால் கம்பெனி பதில் சொல்லவேண்டும், நம் பக்கம் தவறு நடந்தால் அப்புறம் வேலையே வராது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். எங்களுக்கு அது தொல்லையாகத்தான் பட்டது. அக்கா அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் ஒருத்தி, யாரோ ஒரு கிழவரின் நோயை வாய்விட்டுப் படித்துச் சிரித்தாள். அக்கா அவள் பக்கத்தில் போய்க் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அந்தாளு டாக்டராண்ட சொன்னதும்மா இது. நம்மளாண்ட சொல்லல." அதன்பிறகு அந்த அறையில் யாரும் எதையும் வாய்விட்டுப் படித்ததில்லை.

அதே வருடம் கம்பெனி எங்களுக்கு மருத்துவப் பரிசோதனை வைத்தது. ரத்தம் எடுத்தார்கள். எதற்கென்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. முடிவுகள் ஒட்டாத கவரில் வந்தன. மேனேஜர் அதை என்னிடம் கொடுத்து, பெயர்வாரியாக ஏற்றித் தரச் சொன்னார். ஏழாவது தாள் அக்காவுடையது. என்ன நோய் என்று இங்கே எழுதமாட்டேன். அந்த நாளில் அதன் பெயரைக் கேட்டாலே மனிதர்கள் நகர்ந்து உட்காருவார்கள். அன்று சாயங்காலம் பாடிக்குப் போகும் பஸ்ஸுக்கு நின்றபோது, உடன் வேலை செய்த சிநேகிதியிடம் சொன்னேன். அவள் ஒருத்தியிடம் மட்டும். வேறு யாருக்கும் சொல்லாதே என்றும் சொன்னேன்.

மறுநாள் மத்தியானம் அக்காவின் டம்ளர் மட்டும் தனியாக ஜன்னல் திட்டில் இருந்தது. அதற்கு அடுத்த நாள் அவர் தொட்ட கீபோர்டைத் தொடமாட்டேன் என்றாள் ஒருத்தி. சனிக்கிழமை மேனேஜர் அவரைக் கூப்பிட்டு, இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அக்கா அறைக்குத் திரும்பி வந்து, அன்றைய படிவங்களை அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை என் மேசைமேல் வைத்தார்.

"நீதானே டைப் பண்ணே?"

தலையாட்டினேன்.

"என்னாண்ட மொதல்ல சொல்லிருக்கலாம் இல்ல? எனக்கே அந்த டம்ளரப் பாத்துதான் தெரிஞ்சுது."

அவர் அழவில்லை. படி இறங்கிப் போகும் சத்தம் மட்டும் கேட்டது.

திருமழிசையில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை கிடைத்ததாகவும், எங்கள் ஆபீசிலிருந்து போன் போனதும் இரண்டே நாளில் அனுப்பிவிட்டார்கள் என்றும் கேள்விப்பட்டேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று கிளம்பி நசரத்பேட்டைக்குப் போக எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. வீடு பூட்டியிருந்தது. வீட்டுச் சொந்தக்காரர் வெளியே வந்து, தாமே காலி செய்யச் சொல்லிவிட்டதாகச் சொன்னார். அக்கா ஆவடியில் தங்கை வீட்டில் இருக்கிறாராம். பிறகு என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, "அதுக்கு இன்னா நோவும்மா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். ஆவடிக்கு நான் போகவில்லை. அடுத்த வருடம் அக்கா இறந்துபோனார் என்றும், மகள் படிப்பை நிறுத்திவிட்டு ஒரு துணிக்கடையில் சேர்ந்துவிட்டாள் என்றும் பஸ்ஸில் யாரோ சொன்னார்கள்.

இப்போது நான் வேலை பார்க்கும் இடத்தில், ஐரோப்பியக் கம்பெனிகளின் தகவல்களை எப்படிக் காக்கவேண்டும் என்று புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான்தான் வகுப்பெடுத்துத் தேர்வும் வைக்கிறேன். விதிகள் ஒவ்வொன்றுக்கும் உதாரணம் சொல்வேன். ஒருவரைப் பற்றி என்ன எடுத்தோம், எதற்காக எடுத்தோம் என்பதை அவருக்கு முதலில் தெரிவிக்கவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அந்த இடம் வரும்போது மட்டும் எழுதியிருப்பதை அப்படியே படித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறேன். போன வாரம் ஒரு பெண் கை தூக்கி, இதற்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள் மேடம் என்றாள். அது தேர்வில் வராது என்று சொல்லிவிட்டேன்.