ஒன்பதாம் நம்பர் வீட்டில் பதினொரு பேர்

ஃபுட்பால் லீக் பதிவேட்டை நம்பினால், பெல்டன் கூப்பர் சந்து ஒன்பதாம் நம்பர் வீட்டில் மிசஸ் லவினியா டாகெட்டோடு பதினொரு ஆண்பிள்ளைகள் குடியிருந்தார்கள். அந்த வீட்டில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரே ஒரு கட்டில். நான் ஏழாம் நம்பர்காரி, வின்னி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்தது ஒரு பலகை வேலி. அதிலும் பாதியை என் கணவர் குளிருக்கு எரித்துவிட்டார். அங்கே பதினோராவது ஆள் தும்மியிருந்தால்கூட எனக்குக் கேட்டிருக்கும். பத்து வருஷமாக அந்தப் பக்கம் தும்மியது மிசஸ் டாகெட் மட்டும்தான்.

அவள் சலவைக்காரி. பெல்டன் ஃபுட்பால் கிளப்பின் மஞ்சள் கறுப்புப் பனியன்கள் அத்தனையும் திங்கட்கிழமைதோறும் அவள் கொல்லைக் கொப்பரையில் கொதிக்கும். சனிக்கிழமை மதியம் மைதான வேலியோரம் குடையோடு நிற்பாள். மழைக்காக அல்ல, அம்பயர் கைக்கெட்டும் தூரத்தில் வந்தால் குத்துவதற்காக. கணவர் பிரான்ஸுக்குச் சண்டைக்குப் போனவர், அங்கேயே மண்ணுக்குள் தங்கிவிட்டார். பிள்ளைகுட்டி இல்லை. அவர் போனபிறகு அந்த வீட்டுக்குத் தபால் என்று வந்தது நகராட்சி நோட்டீஸ் மட்டும்தான்.

பெல்டன் என்றால் தோல் பதனிடும் ஷாப்புகள், அவற்றின் நாற்றம். எங்கள் எல்லைக்குள் டிராம் நுழைந்ததும் மற்றவர்கள் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொள்வார்கள். எங்கள் கிளப் நாற்பது வருஷமாகச் சின்ன லீக்கில் உருண்டுகொண்டிருந்தது. சண்டை முடிந்து ஏழெட்டு வருஷம் கழித்து மெல்போர்ன் பெரிய லீக் எங்களைச் சேர்த்துக்கொண்டது. அதுவும் இரண்டு வருஷச் சோதனையின் பேரில்தான். இரண்டாம் வருஷ முடிவில் பட்டியலின் மேல்பாதியில் இல்லையென்றால் மூட்டையைக் கட்டவேண்டியது.

பெரிய லீக்கில் ஒரு சட்டம் உண்டு. எந்த வட்டாரத்தில் குடியிருக்கிறாயோ அந்த வட்டாரத்துக் கிளப்புக்குத்தான் ஆடலாம். பெல்டனில் குடியிருந்த ஆண்களோ இருபது வருஷமாகத் தோல் தொட்டியின் ஆவியை இழுத்தவர்கள். மைதானத்தை ஒரு சுற்று ஓடவிட்டால் இரண்டு பேர் தாங்கிப் பிடிக்கவேண்டும். அதனால் செக்ரட்டரி ரோலி பிளண்ட் ஊர் ஊராகப் போய் ஆட்டக்காரர்களைப் பிடித்தார். ஆள் கிடைத்தான், விலாசம் கிடைக்கவில்லை. இங்கே குடியிருக்க எவன் மூக்கும் ஒப்பவில்லை.

ஒரு நாள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மிசஸ் டாகெட்டிடம் வந்தார்.

"விலாசம் மட்டும்தாம்மா. ஆளு வரமாட்டான், சோறு கேக்கமாட்டான்."

"எத்தனை பேரு?"

"இப்போதைக்கு ஒருத்தன்."

அவள் என் பக்கம் திரும்பினாள். "கிளப்புக்காகச் சொல்றதெல்லாம் பொய்யில சேராது, இல்ல வின்னி?"

சேராது என்றேன். நான் மட்டும் என்ன, மைதானத்தில் ஜெபமா செய்துகொண்டிருந்தேன். அந்த ஒருத்தன் ஆறே மாதத்தில் பதினொருத்தன் ஆனான்.

அந்த முதல் ஆள்தான் க்ளெம் ஹார்கன். வடமேற்கே கோதுமைக் காட்டிலிருந்து வந்தவன், ஆறடி இரண்டங்குலம். எங்கள் ஊர் ஃபுட்பாலில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம். எதிராளியின் தோளில் முழங்காலை ஊன்றி ஏறி, பறக்கிற பந்தை இரண்டு கையாலும் பறித்துக்கொண்டு இறங்குவான். இறங்கி உதைத்தால் கோல். நிஜத்தில் அவன் தங்கியிருந்தது யாரா ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தின் மாடியில். அது வேறொரு கிளப்பின் வட்டாரம்.

அவன் அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? கிளப் சொன்ன விலாசத்தை நம்பி ஒன்பதாம் நம்பருக்குக் கடிதம் எழுதினாள். ரோலி அதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் க்ளெம் கோட்டுப் பையில் திணித்துக்கொண்டு மறந்துவிடுவான். மூன்றாவது கடிதம் வந்தபோது மிசஸ் டாகெட் கெட்டில் ஆவியில் காட்டி உறையைப் பிரித்துவிட்டாள்.

"அடுத்தவங்க லெட்டரைப் பிரிக்கலாமா?" என்று கேட்டேன்.

"என் வீட்டு விலாசம், என் வீட்டுல இருக்கற பையன். மார்ச்சளி தேவலையான்னு பெத்தவ கேட்டிருக்கா. பதில் போடலைன்னா நான் மனுஷியா?"

சளி தேவலை, யூகலிப்டஸ் எண்ணெய் தேய்த்துவிட்டேன் என்று எழுதிப் போட்டாள். அங்கிருந்து பதில் வந்தது. இவள் மறுபடி எழுதினாள். அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அவள் பேனாவில் க்ளெம் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போனான், காலையில் கஞ்சி குடித்தான், பாத்திரம் கழுவினான். ஒருமுறை கழுவும்போது நீலத் தட்டை உடைத்துவிட்டு அழாத குறையாக மன்னிப்புக் கேட்டான். எழுத்துப் பிழை பார்ப்பது என் வேலை.

"நீலத் தட்டு உன்கிட்ட ஏது?"

"அதான் உடைஞ்சுபோச்சே" என்றாள்.

புதன்கிழமை தபால்காரன் விசில் ஊதினால் போதும், ஈரக் கையோடு ஓடுவாள். மழை பொய்த்தது, சின்னவன் காலை முறித்துக்கொண்டது, கிழக் குதிரை பெஸ் செத்தது என்று மிசஸ் ஹார்கன் வீட்டுச் சேதி எல்லாம் வேலி தாண்டி எனக்கு வாசிப்பாள். அந்தக் குதிரைக்காக ஒரு முழு மத்தியானம் அழுதாள். சலவைக்குப் போட்டிருந்தவர்கள் யாருக்கும் அன்று சட்டை வரவில்லை.

இதற்கிடையே கிளப் மேலே ஏறிக்கொண்டே போனது. முதல் வருஷம் கடைசிக்கு முந்தின இடம். இரண்டாம் வருஷம் க்ளெம் ஒரே ஆட்டத்தில் பதினொரு கோல் அடித்தான். மைதானத்துக்கு மரப்படி போட்ட புதுப் பார்வையாளர் கூடம் வந்தது. டிராமில் வந்தவர்கள் கைக்குட்டையை எடுத்து ஆட்டக்காரர்களுக்கு வீசினார்கள். கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கையில் நாங்கள் ஐந்தாம் இடம், மேல்பாதிக்கு இன்னும் ஒரு படி பாக்கி.

அப்போது எவனோ லீக்குக்குப் புகார் எழுதிப்போட்டான். க்ளெம் ஹார்கன் பெல்டனில் குடியில்லை என்று. மற்ற பத்து பேர்மேல் புகார் இல்லை. அவர்கள் ஆட்டம் அந்த லட்சணம். வியாழக்கிழமை மூன்று மணிக்கு விசாரிக்க ஆள் வருகிறான் என்று தாக்கல் வந்தது. பொய் என்று தெரிந்தால் க்ளெம் ஆடி ஜெயித்த ஆட்டம் அத்தனையும் ரத்து, பெல்டன் பழையபடி சின்ன லீக்குக்கு.

புதன்கிழமை ரோலி ஒரு கைவண்டி நிறைய வேஷம் கொண்டுவந்து இறக்கினார். சேறு காயாத பூட்ஸ், நாற்றமெடுத்த காலுறை, சவரக் கத்தி, பாதி காலியான தைல பாட்டில், ஒரு மெத்தை. இரண்டு அறையிலும் கடைபரப்பினார். வீடு ஆட்டக்காரன் அக்குள் மாதிரி ஆனது.

"யாரும் எதையும் தொடக்கூடாது. இப்படியே இருக்கட்டும்" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை நான் கையுறைப் பட்டறைக்கு மட்டம் போட்டுவிட்டு, ரோலியோடும் க்ளெமோடும் இரண்டேமுக்காலுக்கு உள்ளே போனேன். தரையில் முகம் தெரிந்தது. பூட்ஸ் பளபளத்தது. துவைத்த காலுறை கொல்லைக் கொடியில் தொங்கியது, மெத்தை வேலியில் காய்ந்தது. தைல பாட்டிலை லேபிள் போகக் கழுவி அதில் ஒரு ரோஜாவைச் செருகியிருந்தாள்.

ரோலி ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ஏம்மா..." என்றார்.

"லீக்லேர்ந்து ஒரு பெரிய மனுஷர் வர்றாரு. என் வீட்டை அந்தக் கோலத்துல பாத்துட்டுப் போகட்டும்ங்கறீங்களா? முப்பது வருஷமா வெளுத்துப் பொழைக்கறவ நான்."

வாசல் கேட் கிறீச்சிட்டது.

மிஸ்டர் ஸ்டான்டிஷ் ஒல்லியான மனுஷர், குடையை மடிப்பதே ஒரு விசாரணை மாதிரி இருந்தது. சமையலறையைப் பார்த்தார், அறைகளைப் பார்த்தார், ரோஜாவை நெடுநேரம் பார்த்தார்.

"இங்க ஆட்டக்காரன் ஒருத்தன் இருக்கான்னு சொல்றீங்க."

"ஆமாங்க."

"என் மூக்கு இல்லைங்குதே." பிறகு சட்டென்று மேஜையருகே உட்கார்ந்திருந்த க்ளெமைப் பார்த்தார். "தம்பி, தொண்டை வறளுது. ஒரு கப்புல தண்ணி கொண்டா."

க்ளெம் எழுந்தான். சமையலறையில் மூன்று அலமாரி. நான் கண்ணாலேயே இடதுபக்கம் காட்டினேன். அந்தக் கழுதை வலதுபக்கம் திறந்தான், விளக்குமாறு வந்து நெற்றியில் விழுந்தது. அடுத்ததைத் திறந்தான், சோப்புக் கட்டி உருண்டது. மூன்றாவதுக்குப் போகாமல் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றான். மிஸ்டர் ஸ்டான்டிஷ் நோட்டை மூடிக்கொண்டு எழுந்தார். நாற்பது வருஷத்துக் கனவு ஒரு கப்பில் கவிழ்ந்தது.

அப்போதுதான் மிசஸ் டாகெட்டுக்குக் கோபம் வந்தது. அது நடிப்பில்லை. லீக்கையும் கிளப்பையும் அந்த நிமிஷம் அவள் மறந்தே போயிருந்தாள்.

"கப்பு எங்க இருக்குன்னு தெரியாது. வேற என்னடா தெரியும் உனக்கு? பெத்தவளுக்கு ரெண்டு வருஷத்துல ஒரு வரி எழுதினியா? உன் தம்பி காலு மாவுக்கட்டுல கிடந்துச்சே, தெரியுமா? பிப்ரவரியில பெஸ் செத்துப்போச்சே, அதாவது தெரியுமா?"

க்ளெமின் முகம் வெளுத்தது. "பெஸ்ஸா?"

"எட்டு நாள் எழுந்திரிக்கல. உங்கம்மா கொட்டாயிலேயே படுத்துக் கிடந்தா. எல்லாத்துக்கும் நாந்தான் பதில் போட்டுட்டு உக்காந்திருந்தேன்." பிஸ்கட் டின்னைத் திறந்து கடிதக் கட்டை மேஜைமேல் தொப்பென்று போட்டாள்.

ஆறடி இரண்டங்குல ஆள் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையில் மூக்கைத் துடைத்துக்கொண்டான். மிஸ்டர் ஸ்டான்டிஷ் நின்றபடியே கட்டைப் பிரித்தார். ஒவ்வொரு உறையிலும் தபால் முத்திரைத் தேதியைச் சரிபார்த்தார். ஒன்றை எடுத்து வாய்விட்டே படித்தார்: "நீலத் தட்டை உடைத்ததற்கு நானும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தினமும் அவனாகவே பாத்திரம் கழுவுகிறான் என்று நீங்கள் எழுதியது எனக்குப் பெரிய ஆறுதல்." தேதி பதினாலு மாதத்துக்கு முந்தினது.

அவர் கடிதங்களைப் பழையபடி கட்டி வைத்தார்.

"லீக்கை ஏமாத்தறவன் நிறைய பேரைப் பாத்திருக்கேன். ரெண்டு வருஷம் ஒரு தாயை ஏமாத்தறவங்க கிடையாதும்மா." க்ளெமைப் பார்த்தார். "இவன் பாத்திரம் கழுவறதை எப்பவோ விட்டுட்டான்னு தெரியுது. எங்க வீட்டுலயும் ஒண்ணு இருக்கு, முப்பது வயசு. கப்பு எங்கன்னு கேட்டா விளக்குமாத்தைத்தான் எடுக்கும்."

குடியிருப்பது உண்மை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போனார். ரோலி என் கணவரைக் கட்டிப்பிடித்தார். என் கணவர் எப்போது உள்ளே வந்தார் என்று எனக்கே தெரியாது. மிசஸ் டாகெட் மட்டும் சிரிக்கவில்லை.

"லீக்குக்காரன் போயிட்டான். இதுக்கு என்ன பண்ணப் போறோம்?" என்று ஏப்ரன் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். அது நேற்று வந்தது. மிசஸ் ஹார்கன் மகனின் இந்த வருஷக் கடைசி ஆட்டத்தைப் பார்க்க வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறாள், அவன் இருக்கும் வீட்டிலேயே மூன்று நாள் தங்குகிறாள்.

"நாளைக்கா?" என்றார் ரோலி.

"வின்னி, இந்த உலகத்துல எனக்குன்னு லெட்டர் போடறவ அவ ஒருத்திதான். அவ என்னைப் பொய்க்காரின்னு நினைச்சுட்டா என்னால தாங்க முடியாது." அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். கிளப் பிழைத்ததுகூட எனக்கு அப்புறம் மறந்துபோனது.

அன்று சாயங்காலமே க்ளெம் பெட்டியோடு குடி வந்தான். கப் இருக்கும் இடத்தை ஏழு முறை காட்டினோம். வெள்ளிக்கிழமை அவன் அம்மா வந்தாள். குட்டையாக, வெயிலில் சுட்ட முகத்தோடு இருந்தாள். க்ளெம் முறைத்துக்கொண்டே கஞ்சி குடித்தான். சனிக்கிழமை ஒன்பது கோல் அடித்தான். நாங்கள் நாலாம் இடத்துக்கு ஏறினோம், சோதனை முடிந்தது, பெல்டன் பெரிய லீக்கில் நிலைத்தது. ஊரே குடித்துக் கிடக்க, ஞாயிறு காலை அவன் சர்ச்சில் உட்கார்ந்து குறட்டை விட்டான்.

மத்தியானம் சமையலறையில் நாங்கள் மூன்று பொம்பளைகளும் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தோம். மிசஸ் ஹார்கன் கத்தியை நிறுத்தாமல் பேசினாள்.

"மொத லெட்டர்லயே தெரிஞ்சுபோச்சும்மா. விடியறதுக்கு முன்னாடி எழுந்து உங்களுக்கு விறகு பொளந்து தர்றான்னு எழுதியிருந்தீங்க. அவனைப் பெத்தவ நான். எட்டு மணிக்கு முன்னாடி அவன் கண்ணைத் தொறந்து நான் பாத்ததில்ல."

மிசஸ் டாகெட்டின் கையிலிருந்த கிழங்கு தொட்டியில் விழுந்தது. "அப்புறம் எதுக்கு பதில் போட்டீங்க?"

"எனக்குப் பொறந்தவன் எழுதமாட்டான். நீங்க எழுதற பையனை எனக்குப் புடிச்சிருந்தது. எங்க ஊருக்கே படிச்சுக் காட்டுவேன்." அடுத்த கிழங்கை எடுத்தாள். "நிறுத்திடாதீங்க."

மிசஸ் டாகெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், தோலோடும் ஈரத்தோடும். இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

திங்கட்கிழமை அம்மாவை ரயிலேற்றிவிட்ட கையோடு க்ளெம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். புதன்கிழமை மிசஸ் டாகெட் உட்கார்ந்து, அவன் நம் கொல்லையில் தக்காளி நட்டிருக்கிறான் என்று எழுதினாள்.