அபூசாலியின் ஒன்பது வத்தகப்பழங்கள்

கற்பிட்டிக்குக் கடல் விளையாட்டுக்கு வரும் வெளிநாட்டவருக்குச் சமைத்துப்போடும் அபூசாலிக்கு, மெக்சிக்கோ எந்தத் திசையில் இருக்கிறதென்று இன்றுவரை தெரியாது. ஆனால் அந்த நாட்டு ஓவியர் ஒருவர் கல்லில் வரைந்து தாளில் ஒற்றியெடுத்த படங்கள் எட்டு, பள்ளிவாசல்துறை வீட்டில் அவருடைய அலுமாரியில் இருந்தன. வருஷம் தவறாமல் வரும் மார்த்தா என்ற மெக்சிக்கோக்காரியிடம் சுறாக் கருவாடு கொடுத்து ஒவ்வொன்றாகச் சேர்த்தவை.

உருவப்படம் உள்ள வீட்டுக்கு வானவர்களான மலக்குமார் வரமாட்டார்கள் என்று மனைவி றஹ்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அதனால் அவர் சேர்த்த படங்களில் ஆளும் இல்லை, நாயும் இல்லை. எல்லாம் வெட்டிவைத்த வத்தகப்பழம், அதாவது தர்ப்பூசணிதான். "நம்மட தோட்டத்துப் பழத்த அந்த மனிசன் எங்க கண்டான்?" என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டிப் பெருமையடிப்பார்.

இந்த வருஷம் மார்த்தா, கொழும்பில் ஓவியக் கண்காட்சி வைக்கும் தர்சிகாவையும் கூட்டிவந்தாள். படங்கள் கொழும்புச் சுவரில் தொங்கும், கீழே தன் பெயரும் இருக்கும் என்று அபூசாலிக்குத் தலைகால் புரியவில்லை. எட்டையும் மேசையில் பரப்பினார்.

எட்டும் பளபளவென்று லெமினேட் செய்யப்பட்டிருந்தன.

"ஐயோ அங்கிள்! இதை இனிக் கழட்டேலாது. கழட்டினா மையும் சேர்ந்து வந்திடும். கண்காட்சியில வைக்கேலாது" என்றாள் தர்சிகா.

அபூசாலியின் முகம் விழுந்துவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. றஹ்மாவுக்குப் பொறுக்கவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு கட்டைத் தூக்கிவந்து போட்டாள். பிறப்புப் பத்திரம், காணி உறுதி, கலியாணப் பதிவு, எல்லாமே லெமினேட். அடியில் ஒரு புகைப்படம் மட்டும் வெறுமனே கிடந்தது.

"தொண்ணூறுல முஸ்லிம்கள வெளியேத்தினப்ப, மன்னார விட்டு வள்ளத்துல வரக்குள்ள கடல் தண்ணியில ஊறினது. இவர்ட வாப்பா. வேற படம் இல்ல."

அதில் தகப்பனாரின் ஒரு காதும் சட்டைக் கொலரும்தான் மிச்சம் இருந்தன.

மார்த்தா மெல்லத் தன் பையைத் திறந்து, இந்த வருஷத்துப் படத்தை எடுத்து அபூசாலியிடம் நீட்டினாள். ஒன்பதாவது வத்தகப்பழம்.

"இதையாவது அப்படியே தாங்கோ அங்கிள். உங்கட பேரோட கண்காட்சியில வைக்கிறன்" என்றாள் தர்சிகா.

அபூசாலி படத்தைப் பார்த்தார். பிறகு வாப்பாவின் காதைப் பார்த்தார். எழுந்து, புது வத்தகப்பழப் படத்தை இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார்.

"குறை நினைக்காதீங்க மிஸ். தேத்தண்ணியக் குடிச்சிட்டு இரிங்க, சந்திக் கடைய மூட முந்தி லெமினேட் பண்ணிட்டு வந்திர்றன்."