மொட்டை மாடிக் காப்பி

ஒரு பெண்ணின் வலி எதனால் தீர்ந்தது என்று தெருவே தவறாகப் பேசுகிறது. உண்மையைச் சொன்னால் அவள் அகப்பட்டுக்கொள்வாள். சொல்வதா, சும்மா இருப்பதா? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை.

மதுரையில் ஒரு தாய்சேய் நல நிலையத்தில் ஹெல்த் விசிட்டராக இருக்கிறேன். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்ப்பது என் டியூட்டி. எனக்கும் ஒரு கைக்குழந்தை உண்டு.

செல்லத்தாயிக்கு வயது இருபது. அப்போது ஆறு மாதக் கர்ப்பம். பெயரை மாற்றியிருக்கிறேன். திருமங்கலத்துப் பக்கம் வெயிலில் காடுகழனி வேலை செய்து வளர்ந்தவள். வாழ்க்கைப்பட்டது நகரத்தில், பருத்திக் கடை வைத்து முன்னுக்கு வந்த வீட்டில். மருமகள் வாசலில் நிற்பதே அங்கே கௌரவக் குறைவு. கல்யாணமானதிலிருந்து சமையலறையும் கூடமும்தான். இடுப்பு வலியில் வாத்துப்போல அசைந்து அசைந்து நடந்தாள்.

மாமியார் காரணத்தைத் தயாராக வைத்திருந்தார்.

"எல்லாம் இந்தக் காப்பி செய்யிற வேலை நர்சம்மா. நாங்க கம்பங்கஞ்சி குடிச்சு நாலு பெத்தோம். இவ மூணு வேளையும் காப்பி குடிக்கா. எலும்பு கரையாம என்ன செய்யும்?"

"நீங்களும் குடிக்கிறீங்களேம்மா."

"என் எலும்பு அந்தக் காலத்து எலும்பு."

அவர் பகலெல்லாம் கடை முற்றத்தில் பஞ்சு காயவைத்து நிற்பவர். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

எங்கள் நிலையத்து லேடி டாக்டர் அவளைப் பார்த்துவிட்டு, டி வைட்டமின் குறைவு, எலும்பு மெலிந்திருக்கிறது, இப்படியே விட்டால் பிரசவம் கஷ்டம் என்றார். மீன் எண்ணெய் கொடுக்க வேண்டும். யுத்தத்தால் வரத்து இல்லை. "வெயில்ல உட்காரச் சொல்லும்மா. அதுக்கு ரேஷன் கிடையாது" என்றார்.

மாமியார் ஒப்பவில்லை. "கருத்துப் போவா. பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

அது சித்திரை. மாடியில் வற்றல் காய்ந்துகொண்டிருந்தது. "காக்கா விரட்ட ஆள் வேணாமாம்மா?" என்று கேட்டேன். அது வேலையாயிற்றே, மறுக்கவில்லை. அன்றைக்கே மருமகளின் காப்பியையும் நிறுத்திவிட்டார்.

வலி மெல்லக் குறைந்தது. நடை நேரானது. ஆடியில் சுகப்பிரசவம்.

குழந்தையைப் பார்க்கப் போனபோது மாமியார், "காப்பிய விட்டதும் எம்புட்டு நல்லாயிருச்சு பாத்தீகளா?" என்று கேட்டுவிட்டு எனக்குக் காப்பி கொண்டுவர உள்ளே போனார்.

செல்லத்தாயி சிரித்தாள். "நான் எங்கக்கா விட்டேன்? அடுத்த மாடி மதினி கைப்பிடிச் சுவருக்கு மேல தெனமும் டம்ளர நீட்டுவாக. காக்காய்க்குக்கூடத் தெரியும், அத்தைக்குத்தான் தெரியாது. சொல்லிராதீக. அப்புறம் மாடிக்கே விடமாட்டாக."

சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன்.

அதன் பிறகு மாமியார் சொல் தெருவெங்கும் பரவியது. சில வீடுகளில் மருமகள்களுக்குக் காப்பி நின்றுவிட்டது. அவர்கள் இருப்பது அதே சமையலறையில்தான். ஒருத்திக்கு இப்போது ஏழு மாதம். அவளுக்கும் அந்த வாத்து நடை. வெயில் வேண்டும் என்றேன். "பருத்திக்கடை வீட்டுல காப்பிய நிறுத்தித்தான சரியாச்சு? நாங்களும் நிறுத்திட்டோம். வெயிலு எதுக்கு?" என்றார் அவள் மாமியார்.

டாக்டரிடம் சொன்னால் அவர் நேரே பருத்திக்கடை வீட்டிலேயே போய்க் கேட்டுவிடுவார். ஒருத்தியை வைத்து முடிவு கட்டலாமா என்றும் தோன்றுகிறது. நானும் மூன்று வேளை காப்பி குடிப்பவள். அதற்காகப் பரிந்து பேசுகிறேனோ? எங்கள் தெருப்பக்கம் இந்தப் பத்திரிகை வருவதில்லை என்ற நம்பிக்கையில்தான் இதையே எழுதுகிறேன்.

இந்த வேலையில் ஒன்று தெரிந்துகொண்டேன். நோய் தீர்ந்த பிறகு, அது எதனால் தீர்ந்தது என்று சொல்லும் உரிமை வீட்டில் மூத்தவருக்குப் போய்விடுகிறது.

இது ஐப்பசி. யாரும் வற்றல் போடுவதில்லை. மழை விடும் நேரத்தில் அந்தப் பெண்ணை மாடிக்கு வரவழைக்க வேண்டும். செல்லத்தாயியையும் காட்டிக்கொடுக்கக் கூடாது. அந்தப் பெண்ணின் மாமியாரிடம் என்ன வேலையைச் சொல்லிக் கேட்கலாம்? தெரிந்த சகோதரிகள் எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். தை பிறக்கும்போது அவளுக்கு வலி கண்டுவிடும்.